சோழமண்டலம் கண்ட பணிக்கர்

காஞ்சியைப் பற்றி எழுதப் புகுவோர் கோயிலில் தொடங்கிப் பட்டில் முடிப்பார்கள். அல்லது பட்டில் தொடங்கிக் கோயிலில் முடிப்பார்கள். நான் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தொடங்குகிறேன். ஓர் ஓவியரின் வாழ்க்கையைச் சொல்ல வந்தவனுக்குத் தகரப் பெட்டியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றே பொறுத்தருள்க.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு தறி வீடு. கூடத்திலே குழித்தறி. அதற்குப் பின்னால் மழை நீர் எட்டாத உயரத்தில் அந்தப் பெட்டி. அதனுள் இருப்பவை மூன்று. பழைய பஞ்சாங்கங்கள், வீட்டில் பிறந்த அனைவரின் சாதகக் குறிப்புகள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியவை, என் தாத்தா தம் இளமையிலே கரைக்கும் முந்திக்கும் புட்டாவுக்கும் வரைந்து வைத்த கட்டத் தாள்கள். சிறுவனாக இருந்தபோது இம்மூன்றுக்கும் எனக்கு வேறுபாடு தெரியாது. எல்லாவற்றிலும் கட்டம், கட்டத்துக்குள் புள்ளி, எண், எழுத்து. ஒருநாள் அத்தையின் சாதகத்தை எடுத்துக்கொண்டு போய், இந்தப் புட்டாவை எப்போது நெய்யப் போகிறீர்கள் என்று தாத்தாவைக் கேட்டேனாம். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத் துறை மாணவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் மாமல்லபுரத்தையும் காணச் சென்றோம். கடற்கரைச் சாலையில் போகும் வழியிலே ஈஞ்சம்பாக்கத்தில் வண்டி நின்றது. பேராசிரியர் அரைமணி நேரம் தந்தார். பெரும்பாலோர் இளநீர்க் கடையை நோக்கி நடந்தனர். நானும் இரண்டொருவரும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குள் சென்றோம். அங்கே, சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே 2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதிலே ஒரு படத்தின் முன் நின்றவன் நின்றபடியே இருந்தேன். வெளிறிய நிறத் தளம். அதன்மேல் எறும்பு ஊர்ந்தாற்போல எழுத்து வரிசைகள். கட்டங்கள், முக்கோணங்கள், கணக்குக் குறிகள், இடையே ஓர் உயிரினத்தின் சாயல். படிக்க முயன்றேன், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆயினும் அந்தப் பக்கம் நான் அறிந்த பக்கம்! எங்கள் தகரப் பெட்டியை யாரோ திறந்து சுவரில் மாட்டிவிட்டாற்போல் இருந்தது. அருகிலிருந்த சீட்டிலே கே.சி.எஸ். பணிக்கர் என்று போட்டிருந்தது.

அன்று முதல் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அந்த வாழ்க்கையைத்தான் என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே எழுதுகிறேன்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலையாளக் குடும்பம். இளமைக் காலம் மலபாரின் பொன்னானிப் பகுதியோடு தொடர்புடையது. அங்கே எங்கு பார்த்தாலும் தென்னை, கால்வாய், படகு, ஓயாத மழை, மழை விட்டபின் வரும் பச்சை. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதிலே அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. பருவங்களின் நிறமாற்றத்தை முதலில் கண்ணால் பருகியவர் அவர். பிற்காலத்தில் மரமும் நீரும் இல்லாத படங்களை அவர் தீட்டியபோது, வரையத் தெரியாமல் அப்படிச் செய்கிறார் என்று எவரும் சொல்ல முடியாமற் போனதற்கு இந்த நீர்வண்ணங்களே சாட்சி.

ஆனால் படம் சோறு போடுமா? குடும்பச் சூழ்நிலை அவரைப் படிப்பிலிருந்து இழுத்துத் தந்தி இலாகாவில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அந்நாளில் அது பெரிய உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். நாளெல்லாம் கட், கடா என்னும் ஒலியைக் கேட்டுப் புள்ளியையும் கோட்டையும் எழுத்தாக்கும் வேலை. எழுத்து என்பது வெறும் குறிதான் என்ற எண்ணம் அந்த மேசையிலேயே அவருக்குள் விழுந்திருக்குமோ? இது என் ஊகமே, ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

1936-இல், இருபத்தைந்து வயதில், அவர் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. இன்றைய அரசு நுண்கலைக் கல்லூரி. சம்பாதிக்கும் வயதில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனவரை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எனக்கு இப்போது இருபது வயது. மேனிலைப் பள்ளி முடித்தபோது அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டவன் நான். வீட்டில் ஒப்பவில்லை. தறியும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம், அரசு வேலைக்கு வழி பார் என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தங்கை இருக்கிறாள், தறியோ ஆண்டுக்காண்டு மெலிந்து வருகிறது. எனவே வரலாற்று மாணவன் ஆனேன்.

பணிக்கர் சேர்ந்தபோது பள்ளித் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே, அதை வடித்த கரம். அந்தப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவரே. அவரிடம் பயின்று 1940-இல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னை ஓவியர்கள் வெளியூர்களில் கூடிக் கண்காட்சி நடத்தவும், ஒருவர் படத்தை மற்றவர் விவாதிக்கவும் அது களமாயிற்று. பின்னாளில், 1961 முதல், ஆர்ட் டிரெண்ட்ஸ் என்ற இதழையும் அச்சங்கம் வெளியிட்டது.

அந்த ஆண்டுகளில் அவர் தீட்டியவை மனித உருவங்கள் நிறைந்த படங்கள். காந்தியடிகளும் வந்தார், ஏசுபிரானும் வந்தார், தோட்டத்தில் இருப்போரும் வந்தனர். வான்கோவின் வண்ண வேகம் அவற்றில் தெரிகிறது என்பார்கள். 1954-இல் லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்தது. புகழ் வந்தது. அதனோடு ஓர் உறுத்தலும் வந்தது. ஐரோப்பாவிலே அருவ ஓவியம் ஆழ வேரூன்றியிருந்த காலம் அது. பால் கிளே என்ற ஓவியர் 1933-லேயே முழுநிலவைப் பொருளாக்கி, வண்ணக் கட்டங்களாலேயே ஒரு படம் தீட்டியிருந்தார். அதைப் பார்த்து இங்கே ஒருவர் இன்னொரு கட்டம் போட்டால் அது யாருடைய கட்டம்? தென்னாட்டில் பிறந்தவன் இந்தக் காலத்தில் எதை வரைவது, எப்படி வரைவது என்னும் கேள்வி அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை.

1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்தப் பத்தாண்டுகளில் அவரிடம் பயின்றவர்களும் அவரைச் சுற்றி வளர்ந்தவர்களுமே சென்னை ஓவிய இயக்கம் என்று இன்று பேசப்படுகிறார்கள். கோட்டுக்கு அவர்கள் தந்த முதன்மை வேறெங்கும் காண்பதரிது. நம் கைலாசநாதர் கோயிலிலே சுற்றுச் சிற்றறைகளில் பல்லவர் தீட்டிய ஓவியங்களை உற்றுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வண்ணம் உதிர்ந்துவிட்டது, கோடு மட்டும் நிற்கிறது, அந்தக் கோடே முகமாகிறது.

இனி 1963-க்கு வருவோம். சொற்களும் குறியீடுகளும் என்று பெயர் பெற்ற வரிசையை அவர் தொடங்கிய ஆண்டு இது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட, அதிலிருந்த எண்களும் எழுத்துகளும் வடிவக் கோடுகளும் அவரைப் பற்றிக்கொண்டன என்று சொல்வார்கள். கணக்கில் பிழை செய்து அடிவாங்கிய நம்மில் யாருடைய நோட்டும் இத்தனை பயன் தந்ததில்லை! அதன்பின் அவருடைய துணிகளில் மனிதர் குறைந்தனர். மலையாள எழுத்தைப் போன்ற வட்ட எழுத்துகள், கூட்டல் கழித்தல் குறிகள், மந்திரத் தகடுகளின் கோணங்கள், கோள்நிலைக் கட்டங்கள், மீன், பாம்பு, பறவை ஆகியவை குடிபுகுந்தன. இறக்கும்வரை இந்த வழியை அவர் விடவில்லை.

இவற்றுள் கோள்நிலைக் கட்டம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சாதகக் கட்டத்தை நாம் சோதிடம் என்று நம்புகிறோம், அல்லது மூடநம்பிக்கை என்று தள்ளுகிறோம். அதை ஒரு படமாகப் பார்க்க மறந்துவிட்டோம். சதுரத்தின் ஓரம் சுற்றிலும் பன்னிரண்டு வீடு, நடுவே வெற்றிடம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இது பொது. சூரியன் ஒரு வீட்டில் ஒரு மாதம் இருக்கும். சந்திரன் இரண்டேகால் நாளில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். துலாத்தில் சூரியனும் நேர் எதிரே மேடத்தில் சந்திரனும் இருப்பதாக ஒரு சாதகம் சொன்னால் என்ன பொருள்? ஐப்பசி மாதம், அடைமழைக் காலம், முழுநிலவு! இரண்டும் ஒரே வீட்டில் நெருங்கி நின்றால் அமாவாசை. மேகமும் வரையவில்லை, வெண்ணிலவும் வரையவில்லை. சூ என்றும் சந் என்றும் இரண்டு குறி போட்டதிலே பருவமும் வந்துவிட்டது, பிறையின் அளவும் வந்துவிட்டது. நிலவையும் பருவத்தையும் பொருளாகக் கொண்ட அருவ ஓவியம் என்று இதைவிட எதைச் சொல்வது? பெயர் தெரியாத எத்தனையோ கணியர்கள் இதை ஓலையிலும் தாளிலும் வரைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அதை ஓவியமாகக் கண்டெடுத்த கண் பணிக்கருடையது.

எங்கள் தெருவிலும் நிலவும் பருவமும் பாட்டுக்குரிய பொருள் மட்டும் அல்ல. அமாவாசை அன்று தறி ஓடாது. ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் தெருவில் பாவு நீட்ட இயலாது. தறிக் குழியிலே நீர் ஊறும். இழை ஈரம் குடித்துச் சொன்னபடி கேளாது. மழைக்கால அடுப்பு எப்படி எரியும் என்று நெசவாளி வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். சித்திரை முழுநிலவு என்றால் வரதர் ஐயங்கார்குளத்து நடவாவிக்கு எழுந்தருளும் இரவு. நீரில் மூழ்கிக் கிடக்கும் படிக்கிணற்று மண்டபத்தை இறைத்து வெளியே கொண்டுவருவார்கள். இத்தனையும் பஞ்சாங்கத்தில் ஒரு சிறு எண்ணாகத்தான் இருக்கிறது. நாங்கள் அந்த எண்ணைப் பார்த்தே நெய்வதும் நிறுத்துவதும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல்நாள் வியப்பு அடங்கியதும் எனக்கு அவர்மேல் சிறிது கோபம் வந்தது. எங்கள் கட்டத்திலே ஒரு குறி இடம் மாறினால் ஒரு பெண்ணின் திருமணம் நின்றுபோகும். தாத்தாவின் கட்டத் தாளிலே ஒரு புள்ளி இடம் மாறினால் கரையில் மாங்காய் கோணும், கூலி குறையும். ஒவ்வொரு குறிக்கும் உயிர் உண்டு. பணிக்கரோ குறியை எடுத்துக்கொண்டு பொருளை உதறிவிட்டார். அந்த எழுத்தை மலையாளிகளாலும் படிக்க முடியாது. இது எப்படி நேர்மையாகும்?

இதற்கு விடை தந்தவர் என் பாட்டி. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாதகத்தையோ ரேஷன் அட்டையையோ நான் கொடுத்தால் இரு கையாலும் வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்ப்பார். எழுத்தின் சுழி, கட்டத்தின் நேர்த்தி, மஞ்சளின் கறை எல்லாம் அவர் கண்ணில் படும். பொருள் மட்டும் படாது. இத்தனை ஆண்டுகளாக வீட்டிலே ஒருவர் எழுத்தைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படித்த எங்களுக்கு அது தெரியவில்லை. படித்தவர்களையும் ஒரு கணம் அந்தக் கண்ணோடு நிற்க வைக்கிறார் பணிக்கர். என் கோபம் முழுதும் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். பாதி போயிற்று.

மறுபாதி சோழமண்டலத்தைப் பற்றியது. பள்ளியில் பயின்று வெளியே வரும் ஓவியர்கள் வயிற்றுக்காக விளம்பரக் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் சிதறிப் போவதை அவர் கண்டார். படம் விற்காது, விற்பதற்காக வரைந்தால் அது படமாக இராது. இந்த முடிச்சை அவிழ்க்க அவர் கண்ட வழி கைவினை. ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றனர். அந்த வருவாயிலே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கி, 1966-இல் குடியேறினர். அந்நாளில் அது செங்கற்பட்டு மாவட்டம், அதாவது நம் மாவட்டம். மின்சாரமும் இல்லாத இடத்தில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. காலையில் கைவினை, பிறகு அவரவர் ஓவியம் அல்லது சிற்பம். அரசின் தயவும் செல்வரின் தயவும் இன்றித் தாங்களே நடத்திக்கொண்ட ஊர். 1967-இல் ஓய்வு பெற்றபின் பணிக்கரும் அங்கேயே வாழ்ந்தார். அவர் மகன் நந்தகோபால் அங்கிருந்தே சிற்பியாகப் புகழ் பெற்றார். பேசத் திக்கி, உலகத்தோடு ஒட்ட முடியாமல் தவித்த கே. இராமானுசம் என்னும் அரிய ஓவியருக்கு அந்த மணல்வெளி புகலிடமாயிற்று. 1973-இல் அவர் இளமையிலேயே மறைந்தார்.

கைவினை செய்து பிழைத்து ஓவியம் தீட்டி வாழ்வது! கேட்க இனிக்கிறது. ஆயினும் நெசவாளி மகனுக்கு ஒரு முள் குத்துகிறது. அவர்களுக்குக் கைவினை என்பது படி. ஏறியபின் மேலே ஓவியம் இருக்கிறது. எங்களுக்கோ மேலே ஒன்றும் இல்லை, கைவினையே எல்லாம். கோர்வை போட்டு உடலையும் கரையையும் வேறு வேறு நாடாவில் இணைக்கும் நெசவாளியை யாரும் ஓவியர் என்பதில்லை. இந்த வேலியிலே சில இடங்களில் வழி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்; ரெட்டப்ப நாயுடுவும் அவ்வாறே. அத்தகைய மையம் நம் ஊரிலும் உண்டு. ஓவியர் தறியருகே வந்தார்கள். தறியிலிருந்து ஓவியப் பள்ளிக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

பணிக்கர் 1977 சனவரியில் சென்னையில் காலமானார். வயது அறுபத்தைந்து. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஒரு கூடம் இருக்கிறது. போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. கடற்கரைச் சாலையின் இரைச்சலுக்கு நடுவே அந்த மரங்களை இன்னும் காணலாம்.

எஞ்சியிருப்பது என் வீட்டுக் கதை. போன மாத அமாவாசை அன்று தறி ஓயவும், தாத்தா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் நான் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். விரலால் கட்டங்களை எண்ணினார். சந்திரன் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. இந்த மனிதருக்குச் சாதகம் கணிக்கத் தெரியாது, ஆனால் கோடு போடத் தெரியும் என்றார். யார், எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தந்தி இலாகா வேலையை விட்டதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். விட்டபின் எதைக் கொண்டு சாப்பிட்டார் என்று கேட்டார். துணிக்குச் சாயமேற்றி விற்றுக் கடலோரம் ஊர் அமைத்த கதையைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். கட்டத் தாள்களில் ஒரு கட்டைத் தனியே எடுத்தார். எப்போதோ ஒரு வியாபாரி கேட்டு, பின் வேண்டாமென்று போனதால் தறி ஏறாமலே நின்றுவிட்ட கரைகளாம் அவை. பழுப்பேறியிருந்தாலும் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை என் மடியில் வைத்துவிட்டு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ இந்தத் தேர்வை முதலில் ஒழுங்காக எழுது என்றார். அவர் இன்னும் பேசவில்லை. தாளில் மூன்றை முடித்துவிட்டேன்.